3,420 ரூபாய் போச்சு: உறைந்துபோன இன்சுலினைத் தலையில் கட்டிய மருந்துக்கடை

மதுரையில் இன்சுலின் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. ஊருக்குள் நாலைந்து கிளை, வாசலில் 20 சதவீதத் தள்ளுபடி போர்டு, உள்ளே ஏசி என்று இருக்கிற வகைக் கடை.

அம்மாவுக்குப் போடும் 30/70 மிக்ஸ் இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30, மெதுவாகச் செய்வது 70 சதவீதம் கலந்தது), பேனா ஊசிக்குள் போடும் 3 மி.லி. கண்ணாடிக் குப்பி, அதாவது கார்ட்ரிட்ஜ், ஐந்து உள்ள ஒரு பாக்ஸ். தள்ளுபடி போக 3,420 ரூபாய். கவுண்டர் பையன் கேட்காமலேயே தெர்மோகோல் பெட்டி எடுத்து, ஐஸ் ஜெல் பாக்கெட்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, டேப் ஒட்டி, "எங்கயும் நிக்காம வீட்டுக்குப் போயிருங்கண்ணே, சூடு பட்டா மருந்து போயிரும்" என்றார். மே மாத வெயிலில் இப்படிக் கட்டிக் கொடுக்கிற கடையை யார் சந்தேகப்படுவார்கள்? அந்தப் பெட்டியை வைத்துத்தான் நம்பியது. மருந்தோ பெட்டிக்குள் போவதற்கு முன்பே கெட்டிருந்தது.

மிக்ஸ் இன்சுலின் நிற்க வைத்தால் அடியில் வெள்ளையாகப் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். அது இயல்பு. உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து தடவை உருட்டி, பத்து தடவை மேலும் கீழும் சாய்த்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி மணி ஓடிக் கலக்கிவிடும். ஒரே சீரான பால் போல ஆக வேண்டும். இதில் ஆகவில்லை. ரவை மாதிரி கட்டிகள் மிதந்தன, கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பூச்சு ஒட்டிக்கொண்டது. ஐந்திலும் அப்படியே. உறைந்து உருகிய இன்சுலினின் அடையாளம் இது. மெதுவாக வேலை செய்வதற்காகச் சேர்த்திருக்கும் நுண்படிகங்கள் உறையும்போது ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அப்புறம் ஊசியில் 20 யூனிட் வைத்தாலும் உடம்புக்குள் எத்தனை போகிறது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் குறைவாகப் போய் சர்க்கரை ஏறும், இன்னொரு நாள் அதிகமாகப் போய் நடுராத்திரியில் தாழ்சர்க்கரை வந்து ஆளே மயங்கலாம். 3,420 ரூபாயை விட எனக்குக் கோபம் இதில்தான்.

சூட்டில் இன்சுலின் கெடும் என்று எல்லாருக்கும் தெரிகிறது. உறைந்தால் கெடும் என்பது மருந்து விற்கிறவருக்கே தெரியவில்லை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்தக் கடை ஃபிரிட்ஜைப் பார்த்தேன். வீட்டில் வைக்கிற சிங்கிள் டோர். இன்சுலின் பாக்ஸ்கள் ஃப்ரீஸருக்கு நேர் கீழ்த்தட்டில், அட்டை ஈரமாகி உப்பியிருந்தது. தெர்மோமீட்டர் கிடையாது. வெப்பநிலை எழுதும் நோட்டு கிடையாது. கதவில் டீக்கு வாங்கின பால் பாக்கெட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். வந்ததும் கூலிங்கை உச்சத்தில் திருப்பி வைப்போம் என்று பையனே சொன்னார். அப்படி வைத்தால் ஃப்ரீஸருக்கு அடியிலும் பின்சுவர் ஓரத்திலும் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

அடுத்து வந்த பதில்களைக் கேளுங்கள். "இன்சுலின் வெள்ளையாத்தான் இருக்கும்ணே." கலக்கிக் காட்டினேன். "உங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல போயிருக்கும்." அப்படியென்றால் வேறு பாக்ஸ் காட்டுங்கள் என்றதும் அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். அதிலும் அதே கட்டி! உடனே பேச்சு மாறியது: "ஃபிரிட்ஜ் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது, பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு." பார்மசிஸ்ட் எங்கே என்றால் லீவாம், சுவரில் அவர் சான்றிதழ் மட்டும் தொங்குகிறது. பதிவு பெற்ற பார்மசிஸ்ட் மேற்பார்வை இல்லாமல் சீட்டு மருந்து கொடுக்கவே கூடாது. பில்லில் இருக்கும் பேட்ச் எண்ணும் அட்டையில் இருப்பதும் வேறு வேறு. கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்." கஸ்டமர் கேரில் புகார் பதிந்தேன், யாரும் கூப்பிடாமலேயே "தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. 3,420 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. கவுண்டரிலேயே ஒரு கார்ட்ரிட்ஜை எடுத்து உருட்டிப் பாருங்கள். கட்டி இருந்தால் காசு கொடுக்காதீர்கள். தெளிவாக இருக்க வேண்டிய வகை இன்சுலின் உறைந்தாலும் பார்வைக்குத் தெரியாமல் போகலாம், அதனால் ஃபிரிட்ஜில் தெர்மோமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஐஸ் பாக்கெட் மருந்தைத் தொடக் கூடாது. கெட்டதைத் தூக்கிப் போடாமல் அட்டை, பில்லோடு தனியாக ஃபிரிட்ஜில் வையுங்கள். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் (மருந்தைச் சோதிக்கும் அரசு ஆய்வக அதிகாரி) சோதனைக்குக் கொடுக்கலாம். புகாரை மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915. முக்கியமாக, மருந்து கெட்டது என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கே வேறு கடையில் வாங்கிப் போட்டு, டாக்டரிடம் சொல்லி சர்க்கரையை அடிக்கடி பாருங்கள்.