பேத்திக்கு வாங்கின படப் புத்தகங்கள்

அம்மாப்பேட்டையில எங்க வீட்டுல தறிச் சத்தத்துக்கு மேல குரல் ஒசத்தித்தான் கதை சொல்லணும். அதனால பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டு வரி, மீதியெல்லாம் படம்னு இருந்தாத்தான் எனக்குச் சரிப்படும். பேத்திக்கு மூணு வயசு.

முதல்ல நான் கை காட்டுறது தூலிகா. சென்னையில 1996-லிருந்து குழந்தைகளுக்குன்னே புத்தகம் போடுறாங்க. தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே அச்சான இருமொழிப் புத்தகமும் உண்டு. தமிழை நான் படிப்பேன், இங்கிலீஷை மருமக படிப்பா, சண்டையே இல்ல. படத்துல வர்ற வீடும் தெருவும் நம்ம ஊர் மாதிரியே இருக்கும். ஒரு பக்கத்துல ஓரமா படுத்திருந்த பூனைக்குப் பேத்தி தட்டுவடை செட்டு ஊட்டப் போயி, பச்சைச் சட்னி இன்னும் அப்படியே காஞ்சு கிடக்கு.

காசு செலவழிக்க யோசிக்கிறவங்களுக்கு பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளம். 2015-லிருந்து இலவசம், தமிழ்க் கதைகளும் நிறைய. நாலு நிலையா பிரிச்சிருக்காங்க. இந்த வயசுக்கு முதல் நிலை போதும். கலர் பிரின்ட் எடுத்தா மட்டும் புத்தகமே வாங்கியிருக்கலாம்னு தோணும்.

தாரா புக்ஸ் கையால அச்சடிக்கிற புத்தகங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனா சட்னிக் கைக்கு அது ஆகாது, ஆறேழு வயசு ஆகட்டும்.

வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து ஸ்டேப்ளர் பின்னைப் பாருங்க. வேற ஒரு புத்தகத்துல அது கழண்டு விரலைக் கீறிடுச்சு. தைச்ச புத்தகம் உத்தமம்.