கணக்கா, கடிகாரமா, கவனமா? இரவில் அளவு மீறும் மும்பைத் தமிழருக்கு எது ஒத்துவரும்

கல்யாணிலிருந்தும் விராரிலிருந்தும் லோக்கல் ரயிலில் தென் மும்பைக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் மதியத்தில் அதிகம் சாப்பிட்டுவிடுவதில்லை. டப்பாவில் என்ன வரும், எவ்வளவு வரும் என்பது காலையிலேயே முடிவாகிவிடுகிறது. அளவு மீறுவது இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். குக்கர் நிறையச் சாதம், எதிரே தொலைக்காட்சி, இடது கையில் கைப்பேசி. ஆகவே கலோரி எண்ணுவது, பதினாறு மணி நேர விரதம், கவனித்துச் சாப்பிடுவது ஆகிய மூன்றையும் அந்த இரவு வேளையை மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

கலோரிக் கணக்கு பாக்கெட் உணவுக்குப் பொருந்தும், வீட்டுச் சமையலில் தடுமாறும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையில் 528 உணவுப்பொருள்கள் உள்ளன. ஆனால் உங்கள் வீட்டு வத்தக்குழம்பில் எத்தனை கரண்டி நல்லெண்ணெய் இறங்கியது என்பதை அடுப்பருகே நின்றவர்தான் சொல்ல முடியும். எண்ணெய் கிராமுக்கு ஒன்பது கலோரி என்பதால் ஒரு கரண்டி கூடினாலே கணக்கு புரண்டுவிடும். இருந்தாலும் ஓரிரு வாரம் எழுதிப் பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன். இரவு பதினொரு மணிக்குத் தின்ற மிக்சர் அதில் எழுத்தாக நிற்கும். ஆயுள் முழுக்க எண்ணிக்கொண்டிருப்பது வேறு. சாப்பாட்டைப் பற்றி ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்களுக்கு அது கெடுதலாகவும் முடியலாம்.

விரதத்தின் கவர்ச்சி அதன் எளிமை. எண்ண வேண்டாம், நாளில் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு மீதிப் பதினாறு மணி நேரம் வயிற்றைச் சும்மா விட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்தால் போதும். சீனாவின் குவாங்சோவில் உடல்பருமன் உள்ள 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. இரு குழுவினரும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு குழு காலை எட்டு முதல் மாலை நான்கு மணிக்குள் மட்டும் சாப்பிட்டது. அவர்கள் சராசரியாக 8 கிலோ குறைந்தார்கள், மற்றவர்கள் 6.3 கிலோ. புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு இல்லை. குறைவாகச் சாப்பிட்டதே வேலை செய்தது, கடிகாரம் கூடுதலாக எதையும் சேர்த்ததாகச் சொல்ல முடியாது. போதாததற்கு, பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை என்று நேரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டாலும், எட்டரைக்குத் தாதரில் ரயில் மாறுகிறவர் எட்டு மணிக்குள் இரவு உணவை எப்படி முடிப்பார்? காலை உணவைத் தள்ளிவைத்து, கொலைப்பசியோடு வீடு வந்து, தட்டை அள்ளிக் கவிழ்ப்பதில்தான் அது முடிகிறது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கவே கூடாது.

கவனித்துச் சாப்பிடும் முறைக்கு மருத்துவப் பின்னணி உண்டு. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையை நிதானமாகப் பார்த்து, முகர்ந்து, மென்று தின்பது ஒரு பாடம். உளவியலாளர் ஜீன் கிறிஸ்டலர் அந்த வழியைக் கட்டுக்கடங்காமல் உண்பவர்களுக்கான பயிற்சியாக விரித்தார். காரணம் எளிது. வயிறு விரிவதும் குடல் சுரக்கும் ஹார்மோன்களும் மூளைக்குத் தகவல் சொல்லச் சற்று நேரம் பிடிக்கும்; இருபது நிமிடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஏழு நிமிடத்தில் தட்டு காலியானால் ‘போதும்’ என்ற செய்தி இரண்டாம் முறை பரிமாறிய பிறகே வந்து சேரும். தொலைக்காட்சி போன்றவற்றில் கவனம் சிதறியபடி சாப்பிட்டால் அந்த வேளை மட்டுமல்ல, அடுத்த வேளையும் கூடுதலாக உள்ளே போகிறது என்று 24 ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு அலசல் காட்டியது. சாப்பிட்டது நினைவில் பதியாதது அதற்கொரு காரணம்.

இலைச் சாப்பாட்டில் இந்த நிதானம் முறையாகவே அமைந்திருக்கிறது. மும்பையில் தென்னிந்திய உணவகங்களுக்குப் பேர்போன மாட்டுங்காவில் இலை முன் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் இடையில் காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் பிசைந்துவிடுகிறோம். ரசத்துக்கு முன் இரண்டு நிமிடம் கையை நிறுத்தி, பசி இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். முதல் ஐந்து கவளத்தையாவது கைப்பேசியைத் தள்ளி வைத்துச் சாப்பிடுங்கள். இதற்குச் செலவு கிடையாது.

எடை மளமளவென இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 194 பேரிடம் நடந்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உணவு மற்றும் உடற்பயிற்சித் திட்டத்தோடு மனக்கவனப் பயிற்சியும் பெற்றவர்கள் பதினெட்டு மாதத்தில் மற்றவர்களைவிட 1.7 கிலோதான் அதிகம் குறைந்திருந்தார்கள், அதுவும் உறுதியான வேறுபாடாகத் தேறவில்லை. பசியில்லாமல் தின்பதும், நிறுத்த முடியாமல் தின்பதும் குறைகிறதா என்பதே இங்கே சரியான அளவுகோல். நிறுத்தவே முடியாமல் அடிக்கடி உண்டு பிறகு குற்ற உணர்ச்சியில் தவிப்பவர்கள் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், தனியே போராட வேண்டியதில்லை.

மூன்றில் என் தேர்வு கவனம்தான், ஒரு நிபந்தனையோடு. பட்டினியாக வருபவரால் எதையும் கவனிக்க முடியாது. மாலை ஆறு மணிக்கு ஒரு வாழைப்பழமோ, ரயில் நிலைய வாசலில் விற்கும் வறுத்த கடலைப் பொட்டலமோ சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். வீட்டில் பரிமாறும் அம்மாவிடமோ மனைவியிடமோ மாமியாரிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: முதலில் பாதி அளவு போதும், மீதியை ரசத்துக்குப் பிறகு நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று.