ஃபின் பாக்ஸ் உடைந்தால்: யு.வி. ரெசினா, எபாக்ஸியா, புதுப் பாக்ஸா?

சர்ஃப் பலகையின் அடியில் ஃபினை (துடுப்பு போன்ற தகடு) மாட்டும் ஃபின் பாக்ஸைச் சுற்றி மெல்லிய கீறல் தெரிந்ததும் ரெசினை (இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின்) தேட வேண்டாம். ஃபினை மாட்டி, அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்துப் பாருங்கள். கீறல் திறந்து மூடினால் பாக்ஸ் ஃபோமிலிருந்து பிடி விட்டுவிட்டது. அசைவே இல்லையென்றால் மேலிருக்கும் கண்ணாடியிழைப் படலம் மட்டுமே வெடித்திருக்கிறது. மூன்று முறைகளில் எது உதவும் என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பலகையின் உள்ளே என்ன ஃபோம் என்பது. கீறலில் சிறு மணிகள் ஒட்டியது போன்ற வெள்ளை ஃபோம் தெரிந்தால் அது இ.பி.எஸ். (தெர்மோகோல் வகை). பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும், அசிட்டோனும் அப்படியே. எபாக்ஸி ரெசின், பி.யு. (பாலியூரித்தேன் ஃபோம்), இ.பி.எஸ். இரண்டுக்கும் ஒத்துவரும். பாலியெஸ்டர் பூசிய பலகைமேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். எபாக்ஸி பலகைமேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஃபோம் என்னவென்று சந்தேகமாக இருந்தால் எபாக்ஸிதான் பாதுகாப்பு.

எந்த முறையானாலும் பலகை காய்ந்திருக்க வேண்டும். கீறல் கீழ்ப்பக்கம் வரும்படி நிழலில் சில நாள் சாய்த்து வையுங்கள். பிறகு கீறலில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். நாக்கில் உப்பு பட்டால் இன்னும் காயவில்லை. ஈரத்தோடு மூடிய கீறல் மறுபடி திறக்கும்.

<b>யு.வி. ரெசின்.</b> வெயிலின் புற ஊதா (யு.வி.) ஒளியில் சில நிமிடங்களில் இறுகும், கலக்கும் வேலை இல்லை. இந்த வேகமே பலரையும் ஏமாற்றுகிறது. ஒளி பட்ட இடம் மட்டுமே இறுகும்; ஒளி புகாத பிளாஸ்டிக் பாக்ஸின் நிழலில், ஆழமான கீறலின் அடியில், ரெசின் பிசுபிசுப்பாகவே தங்கிவிடும். மேலே தொட்டால் கல் போலிருக்கும், முதல் பெரிய திருப்பத்திலேயே பிளந்துவிடும். ஆகவே பாக்ஸ் அசையாத, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள கீறலுக்கு மட்டும் இது சரி. இ.பி.எஸ். பலகைக்கென்றால் பாலியெஸ்டர் வகை யு.வி. கூடாது, எபாக்ஸி வகையே வாங்குங்கள்.

<b>பாக்ஸை எடுக்காமல் எபாக்ஸி.</b> பாக்ஸ் அசையாமல், கீறல் மட்டும் ஆழமாக இருந்தால் இதுவே என் தேர்வு. கீறலைக் கத்தி முனையால் "வி" வடிவில் திறந்து, சுற்றிலும் 3 செ.மீ. அளவுக்கு 80 நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். பாக்ஸின் வாயை மாஸ்கிங் டேப்பால் மூடி, திருகு துளையில் களிமண் அடைக்கவும். இதை மறந்தால் ரெசின் திருகில் இறுகும். பிறகு பாக்ஸையே மாற்ற வேண்டிவரும். களிமண்ணுக்குப் பதில் சிலிக்கோன் கிரீஸ் கூடாது, அது பட்ட இடத்தில் ரெசின் ஒட்டாது.

20–30 மி.லி. கலவை போதும். கொள்ளளவில் 2:1 என்று போட்டிருக்கும் எபாக்ஸியை அதே விகிதத்தில் எடையில் அளந்தால் ஹார்டனர் (ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் திரவம்) கூடிவிடும்; தயாரிப்பாளர் தரும் எடை விகிதத்தைப் பாருங்கள். வெட்டிய கண்ணாடியிழைத் துணுக்கு கலந்து கீறலை நிரப்பி, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பெரிதாக 4 அவுன்ஸ் (சதுர கஜத்துக்கு எடை) கண்ணாடியிழைத் துணி இரண்டு அடுக்கு போடுங்கள். எடையைக் குறைக்கும் மைக்ரோபலூன் (நுண்ணிய வெற்றுக் கோளங்களாலான பொடி) மட்டும் கலந்து நிரப்பினால் பாக்ஸைப் பிடிக்கும் வலிமை அந்த நிரப்பலுக்கு இருக்காது.

<b>புதுப் பாக்ஸ்.</b> பாக்ஸ் ஆடினால் மேலே என்ன பூசினாலும் வீண். ரெசினை ஊசியால் அடியில் ஏற்றி இறுக வைக்கும் குறுக்குவழியும் நிலைப்பதில்லை: நசுங்கிய ஃபோமுக்கு நடுவில் கடினமான ஒரு கட்டி உருவாகி, அடுத்த உடைவு அதன் விளிம்பில் தொடங்கும்.

பியூச்சர்ஸ் நிறுவனப் பாக்ஸின் விளிம்பு துணிக்கு அடியில் பதிந்திருக்கும், அதனால் மேல் படலத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பழைய எஃப்.சி.எஸ். நிறுவனத்தின் வட்டப் பிளக் வகைப் பாக்ஸ் படலம் போட்ட பிறகு பதிக்கப்படுவது; எடுப்பது சுலபம். எதையும் நெம்பாதீர்கள், ஃபோம் கட்டியாகப் பெயர்ந்துவரும். ஃபினின் முன், பின் நுனிகளை நீட்டி டேப்பில் கோடு போட்ட பின்பே ரூட்டரை (குழி கடையும் மின்கருவி) இறக்குங்கள். டெக் பக்கம் (பலகையின் மேற்பக்கம்) போதிய ஃபோம் மிஞ்சுகிறதா என்று முன்பே அளந்துவிடுங்கள், வால் பகுதி மெல்லியது.

குழியின் உட்புறம் 4 அவுன்ஸ் துணியை விரித்து எபாக்ஸி ஊற்றி, 60 நம்பர் தாளால் தேய்த்த பாக்ஸை அழுத்தவும். மொத்தம் 60–80 மி.லி. ஆகும். பாதிக் குழி காலியாக இருக்கும் அளவு ஃபோம் சிதைந்திருந்தால் ரெசினை மொத்தமாக ஊற்றாதீர்கள்: சூடேறி இ.பி.எஸ். உருகும். அங்கே அடர்த்தியான பி.வி.சி. ஃபோம் துண்டை ஒட்டி, அது இறுகியபின் புதுக்குழி எடுப்பதே முறை. ஒரு நாள் கூடுதலாகும்.

ரெசின் இறுகும் முன் ஃபினை மாட்டி, கோட்டோடு ஒத்துப்போகிறதா, எதிர்ப்பக்க ஃபினுக்கும் இதற்கும் நடுக்கோட்டிலிருந்து தூரம் சமமா என்று பாருங்கள். இறுகியபின் இரண்டு மில்லிமீட்டர் பிழையைத் திருத்த வழியில்லை. மறுநாள் தேய்க்கலாம், முழு வலிமை வர ஒரு வாரம் காத்திருங்கள்.