பூல்டு ஜேஎம்எஸ் நிரலகம்: ஒரு மதிப்புரை

ஜாவாவில் ஜேஎம்எஸ் (செயலிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்கான ஜாவா இடைமுகம்) வழியாகச் செய்தி அனுப்பும் செயலிகளுக்காக, இணைப்புகளையும் அவற்றுக்குள் திறக்கப்படும் அமர்வுகளையும் பூலில், அதாவது மூடாமல் சேர்த்துவைக்கும் தொகுப்பில், வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தத் தரும் திறமூல நிரலகம் பூல்டு ஜேஎம்எஸ். ஆக்டிவ்எம்கியூ என்னும் புரோக்கரின் (செய்திகளை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் சேவையகம்) பழைய பூலிலிருந்து கிளைத்ததுதான் என்றாலும், அந்த ஒரு புரோக்கரோடு நின்றுவிடாமல் க்யூபிட் ஜேஎம்எஸ் போன்ற பிற கிளையன்ட்டுகளுடனும் இது இயங்குகிறது.

ஜாவா செயலிகளுக்கான கட்டமைப்பான ஸ்பிரிங்கில், செய்தி அனுப்ப உதவும் ஜேஎம்எஸ் டெம்ப்ளேட்டைக் கையாள்வோருக்கு இதன் தேவை உடனே விளங்கும். ஒவ்வொரு செய்திக்கும் அது இணைப்பு, அமர்வு, புரொடியூசர் (செய்தியை அனுப்பும் பொருள்) ஆகிய மூன்றையும் திறந்து, அனுப்பியதும் மூடிவிடுவதால், பூல் இல்லாத இடத்தில் ஒரு சிறு செய்திக்குக்கூட டிசிபி இணைப்பும் கடவுச்சொல் சரிபார்ப்பும் புதிதாக நடந்தாக வேண்டும். பூல் இருந்தால், மூடச் சொன்ன இணைப்பு உண்மையில் மூடப்படாமல் பூலுக்கே திரும்பிவிடுகிறது.

அமர்வுகளைச் சேமித்து மீண்டும் தரும் ஸ்பிரிங்கின் கேச்சிங் கனெக்‌ஷன் ஃபேக்டரி இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். அங்கே நாம் தரும் எண், எத்தனை அமர்வுகளைச் சேமித்து வைப்பது என்பதை மட்டுமே குறிக்கிறது. அதற்கு மேல் கேட்டாலும் புதிய அமர்வுகள் திறந்துகொண்டே போகும். பூல்டு ஜேஎம்எஸ்ஸில் அது மெய்யான உச்சவரம்பு. நாம் மாற்றாதவரை ஓர் இணைப்புக்கு 500 அமர்வுகள். புரோக்கரின் சுமையைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய இடங்களில் நான் தேர்வது இதைத்தான்.

குறை இயல்பமைப்புகளில் இருக்கிறது. வரம்பு நிறைந்துவிட்டால், அமர்வு கேட்கும் திரெட் (செயலிக்குள் ஓடும் இயக்க இழை) காலவரையின்றிக் காத்திருக்கும். அமர்வை மூட மறந்த நிரல் எங்கேனும் ஓரிடத்தில் இருந்தால் போதும், பிழைச்செய்தி ஏதுமின்றிச் செயலி ஒருநாள் அப்படியே நின்றுபோகும். திரெட் டம்ப் (ஒவ்வொரு திரெட்டும் எங்கே நிற்கிறது என்று காட்டும் பதிவு) எடுத்துப் பார்க்கும்வரை காரணம் பிடிபடாது. காத்திருப்புக்குச் சில நொடிகளை வரம்பாக வைத்துவிட்டால், மூடப்படாத அமர்வுகளின் அதே கசிவு பிழையாக வெளிப்பட்டுவிடும். இணைப்புகளின் எண்ணிக்கையும் இயல்பாக 1தான். பெரிய செய்திகளை இணையாக அனுப்புவோர் இதை உயர்த்தியாக வேண்டும்.

செய்திகளைப் பெறும் பொருள்களான கன்சூமர்களை இது பூல் செய்வதில்லை. குறையாகத் தோன்றினாலும் அது சரியான முடிவே. ஆக்டிவ்எம்கியூ ஒரு வரிசையின் கன்சூமருக்கு இயல்பாக 1000 செய்திகள் வரை முன்கூட்டியே தள்ளிவிடும் என்பதால், பூலில் சும்மா கிடக்கும் கன்சூமரோடு அச்செய்திகளும் முடங்கிவிடும். செய்தி பெறும் பணியை, கன்சூமரைத் திறந்தே வைத்துச் செய்திகளைக் கேட்கும் ஸ்பிரிங்கின் லிசனர் கண்டெய்னரிடம் விட்டுவிட்டு, அனுப்பும் பக்கத்துக்கு மட்டும் இந்த நிரலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.