மேகசின் வைத்த பிசிபி ஏர் ரைஃபிள்: நாள்பட்ட பயன்பாட்டில் சிக்கும் இடங்கள்

காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரும், பெல்லட்டுகளை (ஈயக் குண்டுகள்) அடுக்கும் சுழல் மேகசினும் உள்ள 5.5 மி.மீ. பிசிபி (சிலிண்டரில் முன்கூட்டியே உயர் அழுத்தக் காற்று நிரப்பும்) ஏர் ரைஃபிளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் இரண்டு வகைத் தொல்லை தலைகாட்டும். பெல்லட் ஒழுங்காக உள்ளே ஏறாது. அல்லது ஏறிய பெல்லட் ஒரே வேகத்தில் போகாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு எடுத்த எடுப்பில் ஹேமர் (வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தி) ஸ்பிரிங் திருகில் கை வைத்தால், இருந்த செட்டிங்கும் போய்விடும்.

முதலில் மேகசினைக் கழற்றி, ஒற்றை பெல்லட் தட்டை மாட்டிச் சுட்டுப் பாருங்கள். சுட்ட துளைகள் நெருக்கமாகக் கூடினால் கோளாறு மேகசினிலோ அது உட்காரும் இடத்திலோ இருக்கிறது. அப்போதும் சிதறினால் பெல்லட், குழல், காற்றழுத்தம் பக்கம் பார்க்கலாம்.

பெல்லட்டை ஏற்றும் லீவரைத் தள்ளும்போது கரகரவென்று உரசினால் பலம் கொடுக்காதீர்கள். சிலிண்டரில் உள்ள காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு பெல்லட்டை உள்ளே ஏற்றுங்கள். பிறகு மேகசினை எடுத்துவிட்டு, குழலின் வாய்ப்பக்கமிருந்து கிளீனிங் ராடால் மெல்லத் தள்ளித் துணியில் ஏந்தி, லென்ஸில் பாருங்கள். சுற்றிலும் சீராகச் சீவியிருந்தால் பெல்லட்டின் தலை அளவு அந்தக் குழலுக்குப் பெரிது, 5.53 மி.மீ.-க்குப் பதில் 5.50 போட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் பிறை போல ஈயம் சீவியிருந்தால் மேகசின் துளையும் குழலும் நேர்கோட்டில் இல்லை. மேகசின் அறைகளுக்கு எண் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தால் காரணம் பிடிபடும். ஒரே அறையில் மட்டும் சீவினால் மேகசினின் சுழல் உருளை பழுது. எல்லா அறையிலும் அதே பக்கம் சீவினால் மேகசின் ஆடுகிறது, அல்லது பெல்லட்டைத் தள்ளும் புரோப் வளைந்திருக்கிறது.

உருளைக்கு எண்ணெய் போடவே கூடாது. ஈயத்தூளோடு சேர்ந்து பசையாகிச் சுழற்சியை அதுவே நிறுத்திவிடும். பெல்லட்டைப் பிடித்துவைக்கும் உள் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தளர்ந்தால் பெல்லட் முன்னால் சரிந்து உருளையைப் பூட்டிவிடும். லீவரைப் பாதி இழுத்துத் திரும்பத் தள்ளும் பழக்கம் குழலில் ஒன்றன்பின் ஒன்றாக இரட்டை பெல்லட் ஏறுவதில் கொண்டுபோய் விடும். சந்தேகம் வந்தால் சுடாதீர்கள். காற்றை வெளியேற்றிவிட்டு, ராடால்தான் எடுக்க வேண்டும்.

லீவரை இழுக்காமலே அடுத்த பெல்லட் ஏறும் அரைத் தானியங்கி மாடல்களில், பெல்லட்டை ஏற்றும் போல்ட்டைப் பின்தள்ளுவதும் பெல்லட்டைச் செலுத்தும் அதே காற்றின் ஒரு பங்குதான். அழுத்தம் குறைந்தால் போல்ட் முழுத்தூரம் போகாமல் திரும்பும். இதை மேகசின் கோளாறு என்று நினைத்துப் பலர் மேகசினை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வேகச் சிக்கலுக்குக் குரோனோகிராஃப் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) இல்லாமல் வேலை ஆகாது. ராத்திரி வைத்து எடுத்தபின் முதல் பெல்லட் மட்டும் மெதுவாகப் போய், அடுத்தவை சரியாக இருந்தால் ரெகுலேட்டர் கசிவு என்று சந்தேகப்படலாம். ரெகுலேட்டரை 130 பாரில் (அழுத்த அலகு) வைத்தது மெல்ல 145-க்கு ஏறினால், அந்த அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஹேமரின் அடிக்கு அது போதுமான அளவு திறக்காது. ரெகுலேட்டர் கேஜ் முள் ஏறியிருப்பதே சாட்சி. உள்ளே தூசு, அல்லது சீட்டில் (அடைப்பு உட்காரும் பரப்பில்) கீறல் இருக்கும். சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழே இறங்கியதும் வேகம் சரிவது கோளாறே இல்லை, காற்று நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

கேஜ் சரியாக இருந்தும் எல்லா ஷாட்டும் வேகம் குறைந்தால், போல்ட் அருகே மெல்லிய டிஷ்யூ துண்டை ஒட்டி, முகத்தை விலக்கிச் சுடுங்கள். காகிதம் படபடத்தால் புரோப் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது.

ஓ-ரிங்கை மாற்றும்போது சிலிக்கான் கிரீஸ் துளி போதும். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தப் பகுதிக்குள் போனால் அழுத்தத்தில் பற்றி வெடிக்கக்கூடும். வாங்கும்போது உள்விட்டம், தடிமன் இரண்டோடு கடினத்தன்மையும் பாருங்கள்: 90 ஷோர் இருந்த இடத்தில் 70 போட்டால் அழுத்தத்தில் பிதுங்கிக் கிழியும்.