கனடாவுக்குப் பெற்றோரை அழைக்கும் திட்டத்தில் “இடம் வாங்கித் தருகிறோம்” என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

புதுச்சேரியில் வெளிநாட்டுக் குடியேற்ற ஆலோசனை என்று பலகை மாட்டியிருக்கும் ஓர் அலுவலகம், எங்கள் மகள் எங்களைக் கனடாவுக்கு நிரந்தரமாக அழைத்துக்கொள்ள வழி செய்வதாகச் சொல்லி ரூ. 3,40,000 வாங்கிக்கொண்டு, இப்போது தொலைபேசியை எடுக்கவும் மறுக்கிறது. வழக்கறிஞர் தடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மகள் 2022இல் அங்கே போய் நிரந்தர வசிப்புரிமை பெற்றவள். பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொள்ளும் திட்டத்துக்குக் கனடா அரசு 2020 அக்டோபர், நவம்பரில், அழைத்துக்கொள்ள விரும்பும் பிள்ளைகளிடமிருந்து விருப்பப் படிவங்களைப் பெற்றது. அதன்பின் அந்தப் பட்டியலிலிருந்தே குலுக்கல் முறையில் அழைப்பு அனுப்பி வந்திருக்கிறது. 2025 ஜூலையில் 17,860 அழைப்புகள் அறிவிக்கப்பட்டதும் அப்படித்தான். 2022இல் போன எங்கள் மகளின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வழியில்லை. அலுவலகத்தில் இருந்தவர் இந்த அறிவிப்பை அரசின் இணையதளத்திலேயே திறந்து காட்டினார். அதில் ஓரெழுத்தும் பொய்யில்லை. பட்டியலிலிருந்து விலகியவர்களின் இடங்கள் சில தம் டொரோண்டோ கூட்டாளியின் கையில் இருப்பதாகவும், ஒன்றை எங்கள் மகள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்றும் அடுத்து அவர் சொன்னதுதான் பொய்.

அன்று அவர் முதலில் பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. என் மனைவி சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, மருத்துவப் பரிசோதனையில் இதெல்லாம் தடையாகாது என்று தைரியம் சொன்னார். பேத்தியின் படத்தை வாங்கிப் பார்த்து, “அடுத்த பொங்கல் உங்களுக்கு அங்கேதான்மா” என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகே தொகை வந்தது: ரூ. 3,40,000, அரசுக் கட்டணம் தனி, இரண்டு நாளில் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கடலூர் வங்கியில் இருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து அனுப்பிவைத்தேன்.

சில வாரங்களில் மேப்பிள் இலை முத்திரையுடன் ஒரு கடிதம் என் மின்னஞ்சலுக்கு வந்தது. அதைப் பார்த்த மகள் அப்போதே திடுக்கிட்டாள். அழைப்பு வர வேண்டியது ஸ்பான்சர் செய்யும் அவளுக்கு, கடலூரில் இருக்கும் எனக்கு அல்ல. விருப்பப் படிவத்துக்குக் கட்டணமே கிடையாது. ஒருவர் இடத்தை இன்னொருவருக்கு மாற்றும் ஏற்பாடும் இல்லை. ஸ்பான்சர் செய்பவர் மூன்று ஆண்டு வருமானத்தைக் காட்டியாக வேண்டும் என்றிருக்க, இவர்கள் அவளிடம் ஒரு வரி ஆவணம்கூடக் கேட்கவில்லை.

கேட்டபோது முதலில் சர்வர் கோளாறு என்றார்கள். பிறகு டொரோண்டோவில் விடுமுறை. பிறகு, “சார், நீங்களே சந்தேகப்பட்டால் ஃபைல் நின்றுவிடும்” என்று என்னையே மிரட்டினார்கள். நேரில் போனால், வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாரே தவிர, உள்ளே இருந்தவர் வெளியே வரவில்லை. ரசீதில் “ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது” என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம். ரூ. 3,40,000 ஓர் ஆலோசனைக்கா? கடலூர் காவல் நிலையத்தில் அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது என்றார்கள். புதுச்சேரியில் பணம் கடலூரிலிருந்துதானே போயிருக்கிறது என்றார்கள்.

ஆற அமர அறிவுரை எழுத இப்போது மனம் இல்லை, அவசரமாக இவ்வளவுதான். பணம் வாங்கிக்கொண்டு கனடா குடியேற்ற விண்ணப்பம் செய்து தருபவர் அந்நாட்டு வழக்கறிஞராகவோ குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் (College of Immigration and Citizenship Consultants) உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். ஸ்பான்சர் விண்ணப்பம் பிள்ளையின் கணக்கிலிருந்தே போகட்டும். பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்பவர்களுக்கு சூப்பர் விசா என்னும் நீண்டகால வருகை விசா இருக்கிறது, ஒரு முறை போனால் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். இணையவழியில் அனுப்பிய பணம் என்றால் உடனே இணையக் குற்றப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. நான் கடலூரில் போடப்போகிறேன். இதே போன்ற “இடமாற்றத்துக்கு” புதுச்சேரியில் பணம் கட்டியவர்கள் ரசீதைத் தொலைக்காமல் என்னைத் தொடர்புகொள்ளுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.