பெயரில்லாத ரப்பர் நிப்பிளைக் குழந்தைக்கு வாங்காதீர்கள்

போன மாதம் ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு கடையில், என் ஏழு மாதக் குழந்தையின் பால் புட்டிக்கு ரப்பர் நிப்பிள் மூன்று வாங்கினேன். அறுபது ரூபாய். அட்டை இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, கசங்கிய பாலித்தீன் உறை மட்டும். கேட்டதற்கு, "வெளிநாட்டுக்குப் போகிற சரக்குங்க அம்மிணி, மிச்சம் விழுந்தது" என்றார் கடைக்காரர். திருப்பூர் பனியன் அப்படித்தானே நம் வீடுகளுக்கு வருகிறது? நம்பிவிட்டேன்.

கொதிக்க வைத்தபோது சமையலறை முழுதும் சைக்கிள் ட்யூப் வாடை. தண்ணீர் மஞ்சளித்தது. மூன்று முறை கொதிக்க வைத்தும் வாடை போகவில்லை. நான் வேலைக்குப் போனபின் பால் கொடுப்பவர் என் அம்மா. நான்காம் நாள் கூப்பிட்டு, "கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது கண்ணு, பிள்ளை வாயில் வைக்க மனம் வரவில்லை" என்றார். நான்கு நாள் என் பிள்ளை அதைச் சப்பியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ரப்பரைக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தும்போது, வேலை சீக்கிரம் முடியச் சில வேதிப்பொருள்களைக் கலக்கிறார்கள். அவற்றில் சிலவற்றிலிருந்து நைட்ரோசமைன்கள் உருவாகலாம். இந்த வகை வேதிப்பொருள்களில் பல புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. சப்பும்போது எச்சிலில் இறங்கும். அதனால் ஐரோப்பிய நாடுகள் 1993-லேயே வரம்பு கட்டின: ஒரு கிலோ ரப்பரிலிருந்து 0.01 மில்லிகிராமுக்கு மேல் வெளிவரக் கூடாது. நான் வாங்கியதில் அது இருந்தது என்று சொல்லவில்லை, சோதிக்கவில்லை. ஆனால் உண்மையில் அங்கே போகும் சரக்கென்றால் தயாரித்தவர் பெயர்கூடவா இருக்காது?

நம் சட்டமும் சும்மா இல்லை. பால் புட்டிகளுக்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத புட்டியை விற்கவே கூடாது. புட்டி என்பதில் நிப்பிளும் அடங்கும். இதைச் சொல்லி, பிரிக்காத இரண்டையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். "குழந்தைப் பொருளைத் திரும்ப வாங்குவதில்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில்லும் தரவில்லை.

முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும். அதை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றே பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள். புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நானும் அழைத்திருக்கிறேன்; மிச்ச இரண்டு நிப்பிளும் உறையோடு பத்திரமாக இருக்கின்றன. அம்மா இப்போது பாலாடையில் புகட்டுகிறார்.